காயத்தோடு காயம்

ஒரு வரிசை முழுக்கக் குச்சிகள் தலைகீழாக நின்றன.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். குனிந்து, ஒரு மாங்கன்றைப் பையோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டு அழகாக இருந்தது. பிளாஸ்டிக் நாடா கீழிருந்து மேலே, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறி, தண்ணீர் புகாதபடி இறுக்கமாகப் போயிருந்தது. அவர் கைதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒட்டிய குச்சியின் மொட்டுகள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் கன்றும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நாற்றுப்பண்ணையில் ஒரு வாரம் கூலிக்கு நின்றவன்கூடச் செய்யாத தப்பு இது. குச்சிக்குத் தலை எது, கால் எது என்று பார்க்காமல் ஒட்டினால் அது உயிர் பிடிக்காது, காய்ந்து சுள்ளியாகிவிடும். அவள் கணவரோ ஒட்டுக் கட்டுவதில் பேர் போனவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் மொட்டைத் தடவியே சரியாக வைத்துவிடுவார் என்று மற்ற பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்வார்கள்.

"என்னங்க, தூங்கிக்கிட்டே கட்டினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கன்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் வாயில் நாடாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கன்றை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாடாக்களைக் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு, "எது மேல?" என்று கேட்டார்.

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பதில் வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

ஒட்டுக் கட்டும் கொட்டகை வீட்டின் பின்கதவைத் திறந்ததுமே இருந்தது. மேலே தகரம், நாலு பக்கமும் பச்சை வலை. வெயில் அந்த வலை வழியாக வடிந்து உள்ளே வரும்போது மேசை, மண், மனுஷர் முகம் எல்லாமே பச்சையாகத் தெரியும். தண்ணீர்த் தெளிப்பான் நாள் முழுக்க ஸ்ஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஈரத் தென்னைநார், பூஞ்சை மருந்து, வெட்டிய மாங்குச்சியின் பால், இதெல்லாம் கலந்து வரும் வாசனைதான் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வீட்டு வாசனை. இந்தப் பருவத்தில் புதிதாக ஒன்று அதில் சேர்ந்திருந்தது. மழையில் நனைந்த சாக்கை மடித்து மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி நெடி. உத்தரத்தின் மேல் குடியிருந்த மலைப்பாம்பின் நெடி அது.

பாம்பை விரட்டாமல் வைத்திருந்ததற்குக் காரணம் எலி. போன பருவத்தில் எலிகள் பாத்தி பாத்தியாக இறங்கி, பிஞ்சு வேரை மட்டும் தின்றுவிட்டு, கன்றை அப்படியே நிற்க வைத்துவிட்டுப் போயின. நன்றாகத்தானே இருக்கிறது என்று தொட்டால் கையோடு வந்துவிடும். பொறி வைத்தார்கள், மருந்து வைத்தார்கள், பூனை வளர்த்தார்கள். பூனை பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருக்கும் காட்டிலிருந்து இது வந்து உத்தரத்தில் ஏறிச் சுருண்டது. ஆள் தொடை கனம். அவள் அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். கணவரோ அண்ணாந்து பார்த்துவிட்டு, பயப்படாதே, உங்க அண்ணன்தான் வந்திருக்கார் என்றார். கூடப்பிறந்த அண்ணன் இல்லையே என்று அவள் எப்போதோ குறைப்பட்டுக்கொண்டதற்கு இது பதிலாம். அன்றிலிருந்து உங்க அண்ணன் சாப்பிட்டாரா, உங்க அண்ணன் சட்டை மாத்தியிருக்கார் பாரு என்று தினம் ஒரு வம்பு. எங்க அண்ணனாவது உழைச்சுச் சாப்பிடறார், உங்க தம்பி மாதிரியா என்று அவளும் விடமாட்டாள். எலி அடியோடு குறைந்தது. அதன் பிறகு யாருக்கு அதை விரட்ட மனசு வரும்?

நறுக்கிய நாடாக்களை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துப்போகும். அதனால் உத்தரத்துக்கு நேர் கீழே கட்டிய கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒட்டுக் கட்டுகிறவருக்கு ஒரு கையில் கன்று, மறு கையில் கத்தி. நாடாவைப் பிடிக்கப் பல்தான் உண்டு. கம்பியிலிருந்து ஒரு பிடி உருவிக் கவ்விக்கொண்டார் என்றால் அது தீரும்வரை வாயைத் திறக்கமாட்டார். நாடாவைக் கவ்வியபடியே பேசுவார், பாடுவார், திட்டுவார். நாடாவில் தூசி இருந்தால் ஊதுவார். மேலேயிருந்து விழுந்த பாம்பின் எச்சம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தால் சட்டையில் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான். மண் கலப்பதும் தண்ணீர் விடுவதும் அவள் வேலை. அவள் நாடாவை வாயில் வைத்ததில்லை. ஆனால் அவர் துடைத்துவிட்டுக் கவ்வுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதில் தப்பிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தலைகீழ்க் கன்றுகளை யாருக்கும் காட்டாமல் பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டாள். அவர் பேர் கெடக் கூடாதே என்ற கவலைதான் அன்று பெரிதாக இருந்தது.

பிறகு தலைவலி வந்தது. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ மெதுவாக நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையில் அது நிற்கவில்லை. வெளிச்சம் கூசியது. பேச்சு குறைந்தது. வேலை முடிந்த பிறகும் மேசைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைப் பார்ப்பார், பாதியில் எழுந்து மறுபடியும் கொட்டகைக்குப் போய்விடுவார். அவள் ஒரு நாள் வேண்டுமென்றே, என்ன, எங்க அண்ணன் மேல அவ்வளவு பாசமா என்று சீண்டிப் பார்த்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். வம்பு இழுக்காத அந்த மனுஷனோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த சில நாளில் ஒரு மத்தியானம் அவரைக் கூப்பிடப் போனாள். மேசை மேல் ஒரு எலி இருந்தது. பட்டப்பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, அது ஓடவில்லை. குடித்தவன் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, உத்தரத்துக்கு நேர் கீழே நின்றது. மூக்கைத் தூக்கியது. பின்னங்காலில் உட்கார்ந்தது. மேலே தகரத்தோரம் ஏதோ உரசும் சத்தம் கேட்டது, நிழலிலிருந்து தடித்த தலை ஒன்று அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டே வந்தது, எலி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஓடு, ஓடித் தொலை என்று அவள் மனசுக்குள் கத்தினாள். எலிக்குப் பரிந்து பேசும் நாள் வரும் என்று யார் கண்டது? பாம்பு அதைச் சுற்றி இறுக்கியபோது கீச்சென்று ஒரு சத்தம்கூட வரவில்லை.

"அதுக்கு வலிக்கல, பாரு" என்றார் அவர். பற்களிலிருந்து நாடாக்கள் ஒவ்வொன்றாக நழுவி மடியில் விழுந்துகொண்டிருந்தன. அவர் முகத்தில் ஏக்கம் இருந்தது. பொறாமை என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் சாப்பாட்டுத் தட்டோடு போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டி முடித்த கன்றுகள் வரிசையாக இருந்தன, எல்லாக் கட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. பச்சை வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்ததால் முதலில் புரியவில்லை. கிட்டப் போனாள். அவருடைய இடது கட்டைவிரலின் அடிச்சதை திறந்து, ஒரு மடல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. கன்றின் தண்டைப் பிளந்தார், குச்சியை ஆப்பு மாதிரி சீவினார், சீவும் ஒவ்வொரு தடவையும் கத்தி மரத்தைத் தாண்டி விரலுக்குள்ளும் போய்வந்தது. ரத்தம் பிளவுக்குள் ஒழுகியது. அதன் மேலேயே குச்சியைச் செருகி, நாடாவைப் பல்லால் இழுத்து, ரத்தத்தையும் உள்ளே வைத்து நேர்த்தியாகக் கட்டினார். தட்டு எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கத்தியைப் பிடுங்கப் போனாள். அவர் எழுந்தார். ஒரே கையால் அவள் கழுத்தைப் பிடித்து, தூணோடு வைத்து அழுத்தினார். பின்மண்டை தூணில் மோதிய சத்தம் அவளுக்கே தூரத்திலிருந்து கேட்டது. கால்கள் தரையைத் தேடின. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அவர் கண்ணில் கோபத்தைத் தேடினாள். கோபமாவது இருந்தால் தேவலை. கண் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலே, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண் இருட்டி வரும் நேரத்தில், தூக்கிய மண்பையை இறக்கி வைப்பதுபோல அவளைக் கீழே விட்டார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

கொழுந்தனுக்கு ஃபோன் போட்டாள். கன்று ஏற்றும் வேனை ஓட்டுகிறவர் அவர். அண்ணன் கையைப் பார்த்தார், அண்ணி கழுத்தைப் பார்த்தார். இரண்டு பேருமாக அவரை வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரலுக்குத் தையல் போட்டார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள், ஆயிரம் கேள்வி கேட்டார்கள். மறுநாள் காலையில் மூளை டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் என்ன பிராணி இருக்கிறது என்றார். அவள் பூனை என்றாள். பிறகு பாம்பைப் பற்றிச் சொன்னாள். நாடாவைப் பற்றியும், அதைப் பல்லில் கவ்வுவதைப் பற்றியும் சொன்னபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது பாம்போட வயித்துல வளர வேண்டிய புழும்மா. முட்டை பாம்போட கழிவுல வரும், எலி அதைத் தின்னும், எலியைப் பாம்பு தின்னும். அதோட உலகம் அவ்வளவுதான். மனுஷனுக்கு அதுல இடமே இல்ல. இவர் உள்ள போனது எங்க போறதுன்னு தெரியாம மூளையில சுத்திக்கிட்டிருக்கு."

பழையபடி ஆகிவிடுவாரா என்று அவள் கேட்டாள். அதைத் தவிர அவளுக்கு வேறு கேள்வி இல்லை. மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்து மெதுவாகக் கொடுக்க வேண்டும், சீக்கிரம் ஆரம்பித்தால் பழையபடி ஆகிவிட வாய்ப்பு நிறைய இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு மூளை வார்டில் படுக்கை காலியில்லை. அடுத்த நாள் விடிந்ததும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அதுவரை அமைதியாகத் தூங்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேனில் இரண்டு கொடுத்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து இரண்டு கொடுத்தாள். நல்ல பிள்ளையாக வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். கொழுந்தன் ஒரு வண்டி கன்றை இறக்கிவிட்டுக் காலையில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். பழையபடி, பழையபடி என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு ராத்திரியைத் தள்ளிவிட்டால் போதும்.

அப்போது கொட்டகையிலிருந்து அந்த உரசல் சத்தம் கேட்டது.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனாள். மேசை மேல் ஏறி நின்று, உத்தரத்தில் சுருண்டு கிடந்த அந்தக் கனத்தை ஒரே குத்தாகக் குத்தி நெம்பினாள். அது மொத்தமாக அவள் தோளை இடித்துக்கொண்டு விழுந்தது. மேசை சாய்ந்தது, அவளும் விழுந்தாள், கன்றுப் பைகள் சிதறின. பாம்பு அவள் காலைச் சுற்றப் பார்த்தது. கைக்கு மண்வெட்டி கிடைத்தது. ஓங்கிப் போட்டாள். முதல் வெட்டு தோலில் வழுக்கியது. இரண்டாவது இறங்கியது. என் வீட்டுக்காரரை விடு, விடு, விடு என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொல்லிக்கொண்டே வெட்டினாள். தலை தனியாகப் போன பிறகும் உடம்பு முறுக்கிக்கொண்டு புரண்டது, அதையும் வெட்டினாள், துண்டு துண்டாக வெட்டினாள், முகத்திலும் வாயிலும் தெறித்ததைத் துப்பிக்கொண்டே வெட்டினாள். கை ஓய்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். கிழிந்த குடலிலிருந்து கொத்தாக ஒன்று வெளியே வழிந்திருந்தது. சிவந்த நூல்கள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஈர மண்ணில் தலையைத் தூக்கித் தூக்கித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன.

வாசலில் அவர் நின்றார். சத்தத்தில் விழித்துவிட்டார் போல என்று நினைத்தாள். தன்னைக் கொன்றுபோடப் போகிறார் என்றும் நினைத்தாள். மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் அவளைத் தாண்டிப் போய், பாம்புக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். கட்டுப் போட்ட கையால் தன் நெற்றியைத் தொட்டார்.

"இப்ப இது எங்க போகும்?" என்றார்.

ரொம்பச் சாதுவான குரல். பாதை அடைபட்டுவிட்டதே என்று கேட்கிறவர் குரல். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அடுக்களையில் உட்கார வைத்தாள். பாம்பைக் குப்பைக் குழியில் தள்ளி, சுண்ணாம்பைக் கொட்டி மூடினாள். சோப்பு கரையக் கரையக் கை கழுவினாள், வாய் கொப்பளித்தாள், குளித்தாள். குளித்துவிட்டு வந்தால் அவர் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தேநீர் போட்டிருந்தார். கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, "குடிம்மா, களைச்சுப் போயிட்டே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உருகிப்போனாள். பாம்பு செத்ததும் பாதி சரியாகிவிட்டது என்று நம்பினாள். நம்ப வேண்டும் போல இருந்தது. தேநீர் கசந்தது. தூளை அதிகமாகக் கொதிக்க விட்டிருப்பார், எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

முதலில் சத்தம் கேட்டது. ஸ்ஸ். தெளிப்பான்.

பிறகு வாசனை. ஈர நார். மாம்பால். பிறகு வெளிச்சம், சாயங்கால வெளிச்சம், வலையில் வடிந்து கறுத்துக்கொண்டே வந்த பச்சை. அவள் கொட்டகையில், நிமிர்த்திப் போட்ட மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எப்படி வந்தாள் என்று ஞாபகமில்லை. நாக்கு தடித்திருந்தது. தலையை நிமிர்த்தவே பெரும்பாடாக இருந்தது. தேநீர் எதற்காகக் கசந்தது என்று மெதுவாகப் புரிந்தது. நாள் முழுக்க வாயில் எதையும் விழுங்காமல் அடக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்த மனுஷனுக்கு மாத்திரை கொடுத்து, போட்டுக்கொண்டார் என்று நம்பியிருக்கிறாள் மடச்சி. நாலும் இப்போது அவள் வயிற்றில்.

தோளில் ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது. அவர் தலை.

வலது கை மரத்துப் போயிருந்தது. பார்த்தாள். சட்டைக் கை தோள்வரை மடித்துவிடப்பட்டிருந்தது. மேசை மேல் அவள் வலது முன்கையும் அவர் இடது முன்கையும் பக்கத்தில் பக்கத்தில், ஒட்டிக் கிடந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாடா. கீழிருந்து மேலே, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறி.

பண்ணைக்காரிக்கு அதைப் பார்த்தால் தெரியாதா? இரண்டு செடியும் வேரோடு உயிராக இருக்கும்போதே செய்யும் ஒட்டு அது. இதிலும் ஒரு சீவல், அதிலும் ஒரு சீவல். காயத்தோடு காயம் வைத்துக் காற்றுப் புகாமல் கட்டிவிடுவார்கள். இரண்டின் சாறும் ஒன்றாக ஓடும் வரை அசைக்கமாட்டார்கள்.

நாடா கண்ணாடி போல இருந்தது. அடியில் ரத்தம். ரத்தத்துக்குள் அவள் சதை, அவர் சதை, நேர்த்தியாகப் பொருந்திய ஓரம்.

இழு என்று தன் கைக்கு மனசுக்குள் சொன்னாள். கை கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். கேட்கவில்லை.

அவர் அசைந்தார். தோளிலிருந்து தலையைத் தூக்கினார். கண்ணைக் கொட்டிக் கொட்டி, தூங்கி எழுந்தவர் போல அவளைப் பார்த்தார். அவளைத்தான் பார்த்தார். உத்தரத்தை இல்லை.

"தலைவலி போயிடுச்சும்மா" என்றார்.

அவர் குரல். பழைய குரல். பழையபடி ஆகிவிட்டார். கடவுளே, பழையபடி ஆகிவிட்டார்.

அப்போதுதான் அவரும் மேசையைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. "ஐயோ. யாரும்மா இப்படிப் பண்ணது? யாரு வந்தா?" வலது கையால் நாடாவின் நுனியைத் தேடினார். நகத்தால் கிளறினார், பல்லால் கவ்விப் பார்த்தார். அவருடைய கட்டு அவ்வளவு லேசில் அவிழாது. அழுதார். பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே அழுதார். அவள் ஆசைப்பட்ட மனுஷன் முழுசாகத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவள் தன் முழங்கையைப் பார்த்தாள்.

நாடா முடிந்த இடத்துக்கு மேலே, தோலுக்கடியில், மெல்லிய வரப்புகள். ஒன்று. இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேலே போயின. தோளைத் தாண்டியிருந்தன. கழுத்தில் அரித்தது. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ மெதுவாக நடந்தார்கள்.

சொல்லிவிட வேண்டும். என்னங்க, கையை வெட்டுங்க. முழங்கைக்கு மேல வெட்டுங்க. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

இடது கை எழுந்தது. அவள் தூக்கவில்லை. அது மேசையைத் தாண்டிப் போய், ஒட்டுக்கத்தியை எடுத்தது.

அவர் முகம் மலர்ந்தது. "அதான், அதான், அறுத்துடு. சீக்கிரம்." ஆடாமல் இருக்க மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலது உள்ளங்கை பலகையில் விரிந்திருந்தது. அவளை நம்பி அப்படியே வைத்திருந்தார்.

கையை எடுங்க. எடுங்க. எடுத்துடுங்க.

கத்தி புறங்கையில் இறங்கியது. எலும்பு விலகியது. பலகை வரை. மறுபடி எழுந்து மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை பலகைக்குள் பாதி போய் நின்றுவிட்டது. அவர் கத்தினார். இழுத்தார். கை வரவில்லை. அந்தக் கை, கண்ணைக் கட்டிவிட்டாலும் மொட்டைக் கண்டுபிடிக்கும் கை, ஆணியடித்த மாதிரி நின்று துடித்தது. ரத்தம் மேசை விளிம்பைத் தேடி ஓடியது. அவளும் கத்தினாள். உள்ளே, தன் உயிரே கிழியக் கத்தினாள்.

வாய் கத்தவில்லை.

"அசையாதீங்க" என்றது அவள் வாய். ரொம்பச் சாதுவாக. "பிடிக்கட்டும்."

நாடாவுக்கு அடியில், அவர் பக்கத்துச் சதையிலிருந்து கடைசியாக ஒன்று வந்துகொண்டிருந்தது. சிவந்த நூல். தலை ஏற்கெனவே அவளுக்குள் போயிருந்தது. மீதி உடம்பு அவசரமே இல்லாமல், வளைந்து வளைந்து, தலையின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.